துடுப்பை எறிந்துவிடலாமா?

உலகின் எந்தத் துறைமுகத்துக்குச் சென்றாலும், நம் நாட்டுச் சொற்கள் இரண்டு நமக்கு முன்னரே அங்கே நங்கூரமிட்டு நிற்பதைக் காணலாம். ஒன்று தமிழ்ச் சொல்லாகிய கட்டுமரம். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோழமண்டலக் கரையைக் கண்டு எழுதிய வில்லியம் டாம்பியர் போன்ற ஆங்கிலக் கடலோடிகளின் ஏடுகளில் அது 'கேட்டமரான்' ஆயிற்று. இன்று இரட்டை உடல் கொண்ட படகு எதுவாயினும் அதற்கு அதுவே பெயர். மற்றொன்று வங்கச் சொல், 'டிங்கி' என்பது. ஹூக்ளியிலும் அதன் கிளைகளிலும் ஓரிருவர் ஏறிச் செல்லும் சிறு தோணியை வங்காளிகள் டிங்கி என்பர். கொல்கத்தாவில் வாழும் நம்மவர் பாபுகாட் படித்துறையில் நின்று இதைப் பலமுறை கண்டிருப்பர். அந்தமானிலோ சிறு இயந்திரப் படகு 'டுங்கி' என்றே வழங்குகிறது. இந்தியச் சொற்களை ஆங்கிலம் கடன் வாங்கிய கதையைத் தொகுத்து 1886ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியில் டிங்கிக்கும் இடம் உண்டு.

கட்டுமரத்தின் புகழ் பெரிது. டிங்கியின் உழைப்பு பெரிது. பாய்க்கப்பலையே வீடாகக் கொண்டு, ஊர் ஊராக, தீவு தீவாகச் சென்று வாழும் மக்கள் உலகில் பல்லாயிரவர் உளர். அவர்களுடைய கப்பலுக்கு ஆழமான நீர் வேண்டும். ஆதலால் அது கரையினின்றும் ஒதுங்கி நங்கூரத்தில் நிற்கும். அரிசியும் காய்கறியும் வாங்கவும், குடிநீர் கொண்டுவரவும், நோயாளியை மருத்துவரிடம் சேர்க்கவும், குழந்தைகளைக் கரைக்கு அழைத்துச் செல்லவும் அவர்களுக்கு இருப்பது அந்தச் சிறு டிங்கி ஒன்றே. கிராமத்துக் குடியானவனுக்கு மாட்டு வண்டி எப்படியோ, நீர்வாசிக்கு டிங்கி அப்படி. அந்த வண்டிக்கு மாடு எது என்பதுதான் இன்று நாம் பேசப்போகும் சரித்திரம். முதலில் மனிதனின் தோளும் துடுப்பும் மாடாக இருந்தன. பின்னர் ஓர் இயந்திரம் வந்தது. வந்த நாள் தொட்டு அது சண்டித்தனமும் செய்து வருகிறது.

துடுப்புக் காலத்தில் டிங்கியோடு வாழ்ந்தவர்களில் தலையாயவர் ஜோஷுவா ஸ்லோக்கம். 1895ஆம் ஆண்டு ஏப்ரலில் பாஸ்டன் நகரினின்றும் 'ஸ்பிரே' என்னும் சிறு பாய்க்கப்பலில் தன்னந்தனியே புறப்பட்டு, 1898 ஜூனில் உலகை முழுதும் சுற்றி வந்து சேர்ந்தார். தனியாக உலகைச் சுற்றிய முதல் மனிதர் அவரே. கப்பலின் நீளம் 37 அடிக்கும் சற்றுக் குறைவு. முழு அளவுத் தோணி ஒன்றை அதன் தளத்தில் வைக்க இடம் இல்லை. ஸ்லோக்கம் என்ன செய்தார் தெரியுமா? கைவிடப்பட்டுக் கிடந்த மீன்பிடித் தோணி ஒன்றை எடுத்து, அதைக் குறுக்கே இரண்டாக அறுத்தார். வெட்டிய வாயைப் பலகையால் அடைத்தார். அந்தப் பாதித் தோணிதான் அவருடைய டிங்கி. துணி துவைக்கும் தொட்டியும் அதுவே, குளிக்கும் தொட்டியும் அதுவே.

அந்தப் பாதித் தோணி ஒருநாள் அவர் உயிரையே வாங்கப் பார்த்தது. 1895 டிசம்பரில் தென் அமெரிக்காவின் உருகுவே நாட்டுக் கரையில் ஸ்பிரே தரை தட்டிவிட்டது. கப்பலை மீட்க வேண்டுமானால் நங்கூரத்தை ஆழத்துக்குக் கொண்டுபோய் இட வேண்டும். நங்கூரத்தையும் கனத்த வடத்தையும் பாதித் தோணியில் ஏற்றிக்கொண்டு அலைகளின் ஊடே தண்டு வலித்தார். சுமை தாங்காமல் தோணியில் நீர் புகுந்தது. நங்கூரத்தை வீசி எறிந்த அடுத்த கணம் தோணி கவிழ்ந்தது. தமக்கு நீந்தத் தெரியாது என்பது அப்போதுதான் தம் நினைவுக்கு வந்ததாக அவர் எழுதுகிறார். தோணியை நிமிர்த்த முயன்றபோதெல்லாம் அது மறுபுறமாக உருண்டது. மூன்று முறை நீரில் மூழ்கி எழுந்தபின், மீண்டும் ஒரு முயற்சி செய்து, மெல்ல உள்ளே ஏறி, கைக்கு அகப்பட்ட ஒரே துடுப்பால் தள்ளிக் கரை சேர்ந்தார். உலகைச் சுற்றும் கப்பலுக்கு வந்த ஆபத்தை விடக் கரைக்கும் கப்பலுக்கும் இடையிலுள்ள சில நூறு கஜ தூரத்தில் வந்த ஆபத்தே பெரிதாயிருந்தது. நீரில் வாழ்வோரின் அனுபவ நூல்களைப் புரட்டினால் இவ்வகை நிகழ்ச்சிகள் மீண்டும் மீண்டும் வருவதைக் காண்கிறோம்.

இனி இயந்திரத்தின் கதைக்கு வருவோம். படகின் வயிற்றுக்குள் இயந்திரத்தை வைப்பது ஒரு முறை. படகின் பின்பலகையில் வெளிப்புறமாக மாட்டி, வேண்டாதபோது கழற்றி எடுத்துச் செல்வது மற்றொரு முறை. பின்னதையே 'அவுட்போர்டு மோட்டார்' என்கிறோம். இதற்கு மூலபுருஷர் பிரான்சு நாட்டுக் குஸ்தாவ் துரூவே. 1881ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்துச் சேன் ஆற்றில் அவர் ஓட்டிக் காட்டிய படகில், சுக்கானோடு சேர்த்தே கழற்றி எடுக்கத்தக்க மோட்டார் பொருத்தப்பட்டிருந்தது. அது மின்சாரத்தால் இயங்கிற்று என்பதை நேயர்கள் மனத்தில் கொள்ள வேண்டுகிறோம். இறுதியில் அவரிடமே மீண்டும் வருவோம்.

பெட்ரோல் மோட்டார் அமெரிக்காவில் உருவாயிற்று. 1896ஆம் ஆண்டிலேயே ஒரு நிறுவனம் சிலவற்றைச் செய்து பார்த்தது, அவை நிலைக்கவில்லை. பிறகு, யேல் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்ற கேமரன் வாட்டர்மன் என்னும் இளைஞர், மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் படகின் பின்னால் கட்டினால் என்ன என்று எண்ணி, 1905ஆம் ஆண்டில் டெட்ராய்ட் ஆற்றில் சோதித்தார். அவர் மோட்டார்கள் விற்பனைக்கும் வந்தன. ஆயினும் புகழ் முழுதும் வேறொருவரைச் சேர்ந்தது. அவர் நார்வே நாட்டில் 1877ஆம் ஆண்டில் பிறந்து, சிறுவயதில் பெற்றோருடன் அமெரிக்காவின் விஸ்கான்சினில் குடியேறிய ஓலே எவின்ரூட். பிழைப்புத் தேடிப் போன குடும்பத்துப் பிள்ளை என்பதால் நமக்கு அவர்மீது ஒரு பரிவு எழுவது இயல்பே.

எவின்ரூட்டுக்கு அந்த எண்ணம் பிறந்த கதையை மோட்டார் உலகில் அறியாதார் இலர். 1906ஆம் ஆண்டுக் கோடையில் நண்பர்களோடு ஏரித்தீவு ஒன்றுக்கு உல்லாசமாகச் சென்றிருந்தார். பெஸ் கேரி என்னும் மங்கை ஐஸ்கிரீம் வேண்டும் என்றாள். ஓலே தோணியை எடுத்துக்கொண்டு கரைக்குத் தண்டு வலித்துச் சென்று வாங்கித் திரும்பினார். வெயிலும் தூரமும் சேர்ந்து ஐஸ்கிரீமைக் கூழாக்கிவிட்டன. மங்கையின் மனம் மட்டும் உருகாமல் இல்லை. பின்னர் அவரையே மணந்தாள். 1907ஆம் ஆண்டில் ஓலே செய்து காட்டிய முதல் மோட்டாரைப் பார்த்து, இது காப்பிக்கொட்டை அரைக்கும் இயந்திரம் போல் இருக்கிறதே என்று அவள் நகைத்தாளாம். 1909இல் அதை ஒரு நண்பரிடம் இரவல் கொடுக்க, அவர் பத்து மோட்டார்களுக்கு ஆர்டரோடு திரும்பி வந்தார் என்பர். ஒன்றரைக் குதிரைத் திறன். எடை 62 பவுண்டு, அதாவது 28 கிலோ. விலை 62 டாலர்.

கணக்கும் கடிதமும் பெஸ்ஸின் பொறுப்பு. அம்மையார் எழுதிய விளம்பரந்தான் மோட்டாரை நாடெங்கும் கொண்டு சென்றது. தண்டு வலிக்காதீர்கள், துடுப்புகளைத் தூக்கி எறியுங்கள் என்பது அதன் சாரம். விளம்பரம் என்ற வகையில் இதை வெல்வது அரிது. ஆனால் அதை எழுத்துக்கு எழுத்து நம்பியவர்களின் கதி, அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்டவளின் கதி ஆயிற்று.

ஏன் என்று பார்ப்போம். அக்காலத்து மோட்டாரைக் கிளப்புவதே ஒரு சாகசம். உச்சியில் கனத்த இரும்புச் சக்கரம் ஒன்று. அதில் ஒரு குமிழ். குமிழைப் பிடித்துச் சுழற்ற வேண்டும். எஞ்சின் பற்றிக்கொண்டதும் சக்கரம் குமிழோடு சுழலும்; கையை உடனே விலக்காதவன் விரல் மூட்டுகள் அடிபடும். பின்னர்க் கயிறு வந்தது. சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். கிளம்பாவிட்டால் மீண்டும் சுற்ற வேண்டும். அப்படி இழுக்கையில் கயிற்றின் நுனி பின்னால் உட்கார்ந்திருப்பவர் முகத்தில் சாட்டை போல் விழும். கியரும் கிடையாது. எஞ்சின் கிளம்பிய மறுகணம் படகும் கிளம்பிவிடும். கட்டை அவிழ்க்குமுன் கிளம்பினால் ஒரு தொல்லை. அவிழ்த்தபின் கிளம்பாவிட்டால் வேறொரு தொல்லை.

அடுத்து எண்ணெய்ச் சங்கதி. இவ்வெஞ்சின்கள் இரண்டு ஓட்டத்தில் ஒரு சுற்றை முடிக்கும் வகையைச் சேர்ந்தவை. உராய்வைத் தடுக்கும் எண்ணெய்க்கு இவற்றில் தனிக் கிண்ணம் இல்லை. பெட்ரோலிலேயே கலந்து ஊற்ற வேண்டும். எண்ணெய் மிகுந்தால் ஸ்பார்க் பிளக்கில் கரி படிந்து பொறி எழாது. குறைந்தால் பிஸ்டன் இறுகிப்போகும். நீரில் வாழ்பவன் கையில் பிளக் திறக்கும் சாவியும், ஒரு கந்தைத் துணியும், மாற்றுப் பிளக்கும் எப்பொழுதும் இருக்கும். கரைக்குப் போகும் பாதி வழியில் எஞ்சின் நின்றால், அலை ஆட்டத்தில் குந்தியவாறே பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டுவது அவனுக்குப் பல் துலக்குவது போன்ற காரியம். பிளக் கைநழுவி நீரில் விழுமாயின் அன்றைக்குத் துடுப்புத்தான்.

ஆயினும் இவ்வியந்திரத்தைச் செய்தவர்களின் அறிவுக்கு ஒரு சான்றும் சொல்ல வேண்டும். விசிறி எனப்படும் புரொபெல்லர் பாறையிலோ மரக்கட்டையிலோ மோதினால், அந்த அடி நேரே பல்சக்கரங்களைத் தாக்கி நொறுக்கிவிடும். அதைத் தடுக்க, விசிறியையும் அதன் தண்டையும் மெல்லிய உலோக ஆணி ஒன்றால் இணைத்தனர். மோதிய கணத்தில் ஆணி முறியும், விசிறி தனியே சுழலும், பல்சக்கரம் பிழைக்கும். உடைவதற்கென்றே செய்யப்பட்ட உறுப்பு அது. காலணா பெறாத ஆணி பெரும் செலவைக் காக்கிறது. ஆனால் மாற்று ஆணி கையில் இல்லாதவனுக்கு எஞ்சின் உயிரோடு உறுமிக்கொண்டிருக்கும், படகோ நகராது. அதனால்தான் பழகியவர்கள் மாற்று ஆணிகளை எஞ்சினின் மூடியிலேயே ஒட்டி வைத்தனர்.

பழுது ஒரு பெருந்தொழிலுக்கே வித்தானதும் உண்டு. 1939ஆம் ஆண்டில் கார்ல் கீகாஃபர் என்பவர் விஸ்கான்சினில் நொடித்துப்போன ஒரு தொழிற்சாலையை விலைக்கு வாங்கினார். உள்ளே முந்நூறு அவுட்போர்டு மோட்டார்கள் கிடந்தன. சரியாக ஓடவில்லை என்று ஒரு பெரிய விற்பனை நிறுவனம் திருப்பி அனுப்பியவை அவை. கீகாஃபர் அவற்றைப் பிரித்து, குறை கண்டு, திருத்தி, அதே நிறுவனத்துக்கு விற்றார். அவர்கள் மேலும் வேண்டும் என்றனர். 'மெர்க்குரி' மோட்டார்களின் பிறப்பு அதுதான்.

இங்கிலாந்தில் 1931ஆம் ஆண்டில் தோன்றிய 'சீகல்' மோட்டாரின் வழி வேறு. அதற்கு அழகும் இல்லை, வேகமும் இல்லை, மூடிகூடக் கிடையாது. உறுப்புகள் யாவும் வெளியே தெரியும். தெரிந்ததால் எவரும் பழுது பார்க்கலாம். ஒரு திருப்புளியும் ஒரு சாவியும் இருந்தால் பாதி எஞ்சினைப் பிரித்துவிடலாம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படையினர் இதை ஆயிரக்கணக்கில் பயன்படுத்தினர். போருக்குப்பின் சிறு பாய்க்கப்பலில் உலகைச் சுற்றக் கிளம்பியவர்கள் பலரின் டிங்கியிலும் இதுவே தொங்கிற்று. தொடக்க கால மாதிரிகளுக்குப் பத்துப் பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய் வேண்டும். ஆதலால் அது சென்ற வழியெல்லாம் நீலப் புகையும் நீர்மேல் எண்ணெய்ப் படலமும் மிதந்தன. காற்றும் நீரும் மாசுபடுவதைப் பற்றி இன்று நாம் அறிந்தவற்றை நோக்க, அதன் உற்பத்தி 1990களில் நின்றதற்கு வருந்துவதற்கில்லை. ஆனால், தன்னைத் தானே விளக்கிக் காட்டும் இயந்திரம் என்ற பெருமை அதற்கு உண்டு. இன்றைய மோட்டார்களில் பலவற்றைக் கணிப்பொறி இணைத்தால் ஒழிய நோய் அறிய முடியாது. நடுக்கடல் தீவில் கணிப்பொறியோடு எந்த மெக்கானிக் காத்திருக்கிறான்? ஜப்பானியரும் இத்துறைக்கு வந்தனர்: யமஹா 1960ஆம் ஆண்டிலும், ஹோண்டா 1964ஆம் ஆண்டில் பெட்ரோலில் எண்ணெய் கலக்கத் தேவையற்ற நான்கு ஓட்ட எஞ்சினோடும் வந்தன.

மோட்டாரை விடத் துடுப்புக்குப் பெரிய பகையாக வந்தது வேறொன்று. அதுதான் காற்றடைத்த ரப்பர் டிங்கி. பிரெஞ்சு நிறுவனமாகிய சோடியாக் 1930களில் இதை உருவாக்கியது. 1952ஆம் ஆண்டில் அலேன் பொம்பார் என்னும் மருத்துவர் இத்தகைய ரப்பர்ப் படகொன்றில் கானரித் தீவுகளினின்றும் பார்படோஸ் வரை அட்லாண்டிக்கைத் தனியே கடந்தார். கடலில் 65 நாட்கள். அதன்பின் ரப்பர்ப் படகின்மீது உலகுக்கு நம்பிக்கை பிறந்தது. காற்றை இறக்கினால் சுருட்டிக் கட்டிலின் கீழ் வைக்கலாம், கப்பலின் மீது மோதினால் வண்ணம் உரியாது, எளிதில் கவிழாது. நீர்வாசிகள் மரத்தோணியைக் கைவிட்டு இதற்கு மாறினர். ஆனால் பலூன் போன்ற அந்த உடலைத் துடுப்பால் ஓட்டிப் பாருங்கள்: எதிர்காற்றில் ஒரு சாண் முன்னேறினால் ஒரு முழம் பின்னேறும். மரத்தோணியில் மோட்டார் ஒரு வசதி. ரப்பர் டிங்கியில் அதுவே கால். துடுப்பு பெயருக்குக் கூட வந்தது.

இதன் விபரீதம் எங்கே தெரியும் எனில், மாலையில். பகலில் கடலினின்றும் நிலத்தை நோக்கி வீசிய காற்று, இரவில் திசை மாறி நிலத்தினின்றும் கடலை நோக்கி வீசும். நம் மீனவர் இதைக் கரைக்காற்று என்பர். விடியுமுன் பாய் விரித்துக் கடலுக்குள் செல்வதற்கு அவர்கள் நம்பியிருந்தது இக்காற்றையே. அதே காற்றில், சந்தைக்குப் போய்த் திரும்பும் ரப்பர் டிங்கியின் எஞ்சின் நின்றுவிட்டால் என் ஆகும்? கப்பல் இருநூறு கஜத்தில் விளக்கோடு தெரியும். டிங்கி அதைக் கடந்து, துறைமுக வாயிலைக் கடந்து, இருளில் கடலை நோக்கிச் செல்லும். ஆகையால் தெரிந்தவர்கள் டிங்கியிலும் ஒரு சிறு நங்கூரம் வைப்பர். எஞ்சின் நின்றதும் முதல் வேலை கயிற்றை இழுப்பது அன்று, நங்கூரத்தை விடுவது. நின்ற இடத்தில் நின்றுகொண்டால் பழுது பார்க்க நேரம் கிடைக்கும்.

பழுது பார்க்கும் வரிசையும் தலைமுறை தலைமுறையாக வாய்மொழியில் வந்திருக்கிறது. முதலில் எரிபொருள். தொட்டியின் மூடியில் காற்றுத் துளையைத் திறந்தோமா? மூடியிருந்தால் சில நிமிடம் ஓடி, மூச்சு முட்டி நிற்கும். இந்த ஒன்றே பலரை ஏமாற்றியிருக்கிறது. பெட்ரோலில் நீர் கலந்ததா? பாதி நிரம்பிய தொட்டியில் இரவுக் குளிரில் நீர் வியர்த்து அடியில் தங்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இன்னும் எளிதில் ஈர்க்கும். நம் நாட்டில் 2025ஆம் ஆண்டிலேயே பெட்ரோலில் எத்தனாலின் அளவு 20 விழுக்காட்டை எட்டியது. மாதக்கணக்கில் பழையதான பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டரின் ஊசித்துளையை அடைக்கும். தலைமயிர் அளவுத் துளை அது. அடுத்துப் பொறி: பிளக், அதன் கம்பி, உப்புப் பூத்த இணைப்புகள். பின்னர் நீர். கடல்நீரை உறிஞ்சி எஞ்சினைக் குளிர்விக்கும் பம்பினுள் ஒரு ரப்பர்ச் சக்கரம் சுழல்கிறது. அது வேலை செய்வதன் அடையாளமாகப் பக்கத்துளையினின்றும் மெல்லிய நீர்த்தாரை விழும். தாரை நின்றால் எஞ்சினை நிறுத்த வேண்டும். முன்பு கடற்பாசியும் மணலும் வாயை அடைத்தன. இக்காலத்தில் பிளாஸ்டிக் பை அடைக்கிறது.

மோட்டார் நீரில் விழுவதும் அரிதன்று. கப்பல் தளத்தினின்றும் டிங்கிக்கு அதை இறக்குகையில் இரண்டும் ஆடும். 20, 30 கிலோ எடையைக் கைமாற்றும்போது எப்படியும் ஒருநாள் தவறும். எஞ்சினுக்கு ஒரு கயிறு கட்டிய பின்னரே தூக்குவது வழக்கமானது இதனால்தான். விழுந்துவிட்டதோ, அதன் பின் ஒவ்வொரு மணியும் விலையுடையது. கடல்நீரில் மூழ்கிய எஞ்சின் நீருக்குள் கெடுவதை விட, வெளியே எடுத்துக் காற்றுப் பட்டதும் விரைவாகத் துருவேறும். நன்னீரால் கழுவி, பிளக்கைக் கழற்றி, கயிற்றை மெல்ல இழுத்து உள்ளிருக்கும் நீரை வெளியேற்றி, எண்ணெய் விட்டு, அன்றே ஓட்டிவிட வேண்டும். உடனே முடியாதெனில் நன்னீர்த் தொட்டியிலேயே அமிழ்த்தி வைக்க வேண்டும் என்பது பழைய பாடம். துருவேறாமல் இருக்க நீரிலேயே போட்டு வை என்பது கேட்கப் புதுமையாக இருக்கலாம். ஆனால் துருவுக்குக் காற்றும் வேண்டும் என்பதை எண்ணினால் புரியும்.

டிங்கியின் முதற்பணி சந்தைக்குப் போவதே எனினும், அது உயிர் காத்த வரலாறும் உண்டு. 1972 ஜூனில் ராபர்ட்சன் குடும்பத்தினரின் 'லூசெட்' என்னும் பாய்க்கப்பலைப் பசிபிக் கடலில் கொலைத் திமிங்கிலங்கள் தாக்கி மூழ்கடித்தன. ஆறு பேர் ரப்பர் மிதவையிலும் ஒரு சிறு கண்ணாடியிழை டிங்கியிலும் தப்பினர். டிங்கிக்குப் பாய் கட்டி, அதைக்கொண்டு மிதவையை இழுத்துச் சென்றனர். இரண்டு வாரங்களுக்கு மேல் தாங்கிய மிதவை கைவிட்ட பின், ஒன்பது அடி சொச்சம் நீளமே உள்ள அந்த டிங்கியில் ஆறு பேரும் நெருக்கி அமர்ந்தனர். மொத்தம் 38 நாட்கள். ஜப்பானிய மீன்பிடிக் கப்பல் ஒன்று அவர்களை மீட்டது. அந்த டிங்கியைச் செலுத்திய எஞ்சின் எதுவும் இல்லை.

டிங்கியின் பிறப்பிடமாகிய நம் துணைக்கண்டத்தில் என்ன நடந்தது? இங்கும் நீரில் வாழும் மக்கள் உளர். வங்கத்து ஆறுகளில் பேதே எனப்படும் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் படகையே குடிலாகக் கொண்டனர். காஷ்மீரத்து ஹாஞ்சிகள் 'டூங்கா' எனப்படும் படகில் சமைத்து, உண்டு, பிள்ளை வளர்த்தனர். அவர்களுக்கு டிங்கியாக உதவியது ஷிகாரா. தால் ஏரியில் இதய வடிவமுடைய அலகு கொண்ட துடுப்பால் அது இன்றும் செல்வதை ஸ்ரீநகர் சென்று வந்த நேயர்கள் கண்டிருப்பர். ஏரி அமைதியானது, தூரமும் குறைவு, துடுப்பு போதும்.

வங்கத்தில் அப்படி இல்லை. ஆறுகள் கடல் போல் அகன்றவை. ஓதம் நாள்தோறும் இருமுறை ஏறி இறங்கும். அங்கே இயந்திரம் வந்த வழி விந்தையானது. வங்கதேசத்தில் 1980களில் வயலுக்கு நீர் இறைக்கும் பம்பு செட்டு டீசல் எஞ்சின்களை மரப்படகுகளில் பொருத்தலாயினர். பாசனப் பருவம் முடிந்தால் அந்த எஞ்சினுக்கு வேறு வேலை இல்லை. மழைக்காலத்தில் படகுக்கு வேலை மிகுதி. உழவனின் எஞ்சினைப் படகோட்டி இரவல் பெற்றான் என்றே சொல்லலாம். மேற்கு வங்கத்துச் சுந்தரவனத்தில் இயந்திரப் படகுக்குப் 'பட்பட்டி' போன்ற ஓர் ஒலிக்குறிப்புப் பெயரே நிலைத்தது. அவர்கள் அதை 'புட்புட்டி' என்பர். கோசபா, பசந்தி முதலிய தீவுகளின் துறைகளில் அந்த ஓசையைக் கேட்காத நேரம் இல்லை. அவுட்போர்டை விட இந்தப் பம்பு எஞ்சினுக்கு ஒரு வலிமை உண்டு: எந்தக் கிராமத்து மெக்கானிக்கும் அதை அறிவான். எனினும் ஆகாயத்தாமரைக் கொடி விசிறியில் சுற்றினால், படகோட்டி இறங்கிக் கத்தியால் அறுக்கத்தான் வேண்டும். ஓதம் வடியும் வேளையில் எஞ்சின் நின்று சேற்றுத் திட்டில் படகு அமர்ந்துவிட்டால், அடுத்த ஏற்றம் வரை காத்திருக்க வேண்டும். அக்கரையோரக் காடுகள் புலி உலவும் காடுகள். ஆதலால் அங்கே படகில் நீண்ட மூங்கில் கழி ஒன்று கிடப்பது அலங்காரத்துக்கு அன்று.

மேற்குக் கரையில் கதை வேறு. இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகளும் 1952ஆம் ஆண்டில் செய்த உடன்படிக்கையின்படி, கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் மீன்பிடித் திட்டம் தொடங்கிற்று. உள்ளூர் வள்ளங்களில் எஞ்சின் பொருத்தும் முயற்சி கைகூடவில்லை. புதிய விசைப்படகுகள் கட்டப்பட்டன. வள்ளக்காரர்களுக்கு இயந்திரம் வாய்த்தது 1980களில், ஜப்பானிய அவுட்போர்டுகளின் வடிவில். பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் வகை அது. செலவு குறையும் என்று வந்த மண்ணெண்ணெய், கரியைப் படியவைத்துப் பிளக்கைத் தின்றது. மானிய மண்ணெண்ணெய் எவ்வளவு கிடைக்கும் என்பது அரசியல் பிரச்சினையும் ஆயிற்று. கேரளத்தில் வாழும் நம்மவர் நாளிதழ்களில் இதைப் படித்துப் பழகியவர்கள்.

எவின்ரூட் என்ற பெயரில் மோட்டார் செய்வது 2020ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. 1909 முதல் எண்ண 111 ஆண்டுகள். ஓலேயும் பெஸ்ஸும் 1930களிலேயே மறைந்துவிட்டனர். இதற்கிடையே காலம் ஒரு வட்டம் சுற்றி, குஸ்தாவ் துரூவே 1881இல் ஓட்டிய மின்சார மோட்டாருக்குத் திரும்பியிருக்கிறது. ஜெர்மனியில் 2005ஆம் ஆண்டில் தோன்றிய டார்க்கீடோ நிறுவனம் மின்கலத்தோடு கூடிய சிறு அவுட்போர்டை நீர்வாசிகளிடையே பரப்பியது, பிறரும் தொடர்ந்தனர். கப்பல் தளத்தில் விரித்த சூரியத் தகட்டினின்றும் மின்கலம் நிரம்புகிறது. இழுக்கக் கயிறு இல்லை, கலக்க எண்ணெய் இல்லை, துடைக்கப் பிளக் இல்லை, அடைபடக் கார்புரேட்டர் இல்லை. பல வகைகளில் மோட்டாரையும் மின்கலத்தையும் தனித்தனியே தூக்கலாம் என்பதால் முதுகும் பிழைத்தது. ஆனால் இணைப்பு முனைகளில் உப்பு பூக்கிறது. எதிர்காற்றில் முழு வேகத்தில் சென்றால் மின்கலம் எதிர்பார்த்ததை விட விரைவில் தீர்கிறது. தீர்ந்தால் அருகிலுள்ள படகில் ஒரு போத்தல் கடன் கேட்டு ஊற்றவும் முடியாது. அப்படித் தீர்ந்துபோன ஒருவர் டிங்கியின் அடித்தளத்தில் கைவிட்டுத் தேடுவது எதை என்பதைப் பெஸ் அம்மையார் அறிந்தால் என்ன சொல்வாரோ, அறியோம்.